முழங்காலளவு கடல்

என் விரல்களில் ரேகை அழிந்துபோன விஷயம் எனக்கு ரேஷன் கடையில்தான் தெரிந்தது. கட்டைவிரலை வைத்தேன், சிவப்பு விளக்கு. சேலையில் துடைத்துவிட்டு வைத்தேன், சிவப்பு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிக்கும் என்று பின்னால் நின்றவள் சொன்னதைக் கேட்டுத் தலைமுடியில் தேய்த்துவிட்டு வைத்தேன், அதற்கும் சிவப்பு.

"பத்து வெரலையும் வச்சுப் பாத்தாச்சுக்கா. ஒங்க கையில ஒண்ணுமே இல்ல," என்றான் கடைக்காரன் இசக்கிமுத்து, என்னவோ நான் கையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்ததுபோல.

"அப்ப போனுக்கு நம்பர் அனுப்பு."

"அனுப்பியாச்சு. அண்ணாச்சி போனுக்குத்தான் போகும்."

அண்ணாச்சி, அதாவது என் வீட்டுக்காரர் கஸ்பார், அந்த நேரத்தில் கடலின்மேல் நின்றுகொண்டிருந்தார். கடலில் அல்ல, கடலின்மேல். அங்கே டவர் கிடையாது.

"அப்ப அண்ணாச்சியவே ஒரு நாள் வரச் சொல்லுங்க. அவுக ரேகை நல்லாத்தான இருக்கும்?"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். கடலைத் தடுத்து ஊரைக் காக்கிற சம்மனசுப் படையில், அதாவது தேவதூதர் படையில், இருக்கிறவர் ரேஷன் கடை வரிசையில் நிற்கக் கூடாது என்பது எங்கள் கூனித்துறையில் கைக்குழந்தைக்கும் தெரியும். இசக்கிமுத்து வெளியூர்க்காரன், அவனுக்கு எங்கே தெரியப்போகிறது. காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாத வியாழக்கிழமை, மத்தியானக் குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், கடல் எழுந்து கூனித்துறைக்குள் வந்தது, அலையாக அல்ல, வீடு தெரிந்த சொந்தக்காரியைப்போல நிதானமாக, தெருத் தெருவாக, வாசல் வாசலாக. வந்து வாசலில் கிடந்த செருப்புகளை எடுத்துக்கொண்டது, பக்கத்து வீட்டு ஸ்கொலாஸ்டிகா அக்கா குளிப்பதற்காகக் கழற்றி வைத்திருந்த தோட்டை எடுத்துக்கொண்டது, என் அடுப்பங்கரைக்குள் புகுந்து என் பொத்தான் டப்பாவையும் அதற்குள் நான் கல்யாணத்துக்குப் பிறகும் தூக்கிப்போட மனசில்லாமல் வைத்திருந்த கான்வென்ட் பேட்ஜையும் எடுத்துக்கொண்டது. எங்கள் ஆண்கள் அப்போது உப்பளத்தில் இருந்தார்கள். மேஸ்திரி தொபியாஸ் பயத்தில் மயங்கி வரப்பில் விழுந்துகிடந்தார். அவர் மனைவி வியாகுலம், மயக்கம் தெளியட்டும் என்று கைக்கு அகப்பட்டதை அள்ளி அவர் வாயில் வைத்தாள், அகப்பட்டது உப்பு, ஆனால் அந்தப் பாத்தியில் அன்றைக்கு விளைந்திருந்த உப்பு சொட்டு நீலம் கரைத்ததுபோல நீலமாக இருந்தது. தொபியாஸ் எழுந்தார். எழுந்தவர் தரையில் நிற்கவில்லை, ஒரு சாண் மேலே நின்றார். அதைப் பார்த்த நாங்களும் ஓடிப்போய் ஆளுக்கொரு சிட்டிகை எடுத்து எங்கள் எங்கள் ஆண்கள் வாயில் வைத்தோம், நானும் வைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். முப்பத்து மூன்று ஆண்கள் தண்ணீரின்மேல் நடந்துபோய் வரிசையாக நின்று கையைத் தூக்கினார்கள், கடல் இல்லாமல் போனது. திரும்பிப் போய்விட்டது என்று சொன்னார்கள். போனதைப் பார்த்தேன் என்று இன்றுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

ஒரு ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும். முதல் வருஷமே படைக்குச் சிவப்புக் கச்சை வந்துவிட்டது, கொடி வந்துவிட்டது, காலையிலும் மாலையிலும் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடலின்மேல் வரிசையாக நின்று காவல் காப்பது என்ற முறை வந்துவிட்டது, அந்த வரிசைப் பக்கம் வேறு யாரும், முக்கியமாகப் பெண்கள், போகக் கூடாது என்ற சட்டமும் வந்துவிட்டது, வள்ளங்கள் எல்லாம் வடக்கே சுற்றிக்கொண்டு போகப் பழகின. கட்டிலில் படுத்தவர்கள் மோட்டுவளையில் போய் முட்டாமல் இருக்க இடுப்பில் கயிறு கட்டக் கற்றுக்கொண்டோம். வேட்டிக் கரையில் கூழாங்கல் வைத்துத் தைத்தோம். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் வாத்தியார் புவியீர்ப்புப் பாடத்தை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக வாசித்துவிட்டுப் போனார். கோயில் முன்னால் கல் நட்டு, தொபியாஸ் பெயரை முதலில் போட்டு முப்பத்து மூன்று பெயரையும் வெட்டினார்கள். வியாகுலத்தின் பெயர் அதில் இல்லை. மூன்றாம் வருஷம் அவள் செத்துப்போனாள், அப்போதும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இத்தனைக்கும் அந்த நீல உப்பு, நாங்கள் நீலம் என்போம், ஒரு பெண் கையிலிருந்துதான் வேலை செய்யும், அதுவும் அந்த வீட்டுப் பெண்ணின் கை, மனைவி இல்லாவிட்டால் தாயோ மகளோ மருமகளோ. கரண்டியால் எடுத்தால் வெள்ளையாகிவிடும். அவர்களே எடுத்துப் போட்டுக்கொண்டால் வாந்தி. ஒரு தடவை உறை மாட்டிக்கொண்டு கொடுத்துப் பார்த்தாள் ஒருத்தி, அவள் புருஷன் பொத்தென்று தரையில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டான். விரல் ரேகைக்குள் போய் உட்கார்ந்து, அங்கிருந்துதான் அது நாக்குக்கு ஏறும். முதலில் ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை. இப்போது ஏழு சிட்டிகை. நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் கை நடுங்கும், வாயில் வரக் கூடாத வார்த்தை எல்லாம் வரும், கோயிலில் ஜெபம் சொல்லுகிற அதே வாயில்.

அதற்குப் பிறகு நடப்பதை நான் வெளியே சொன்னதில்லை. ஐப்பசி கார்த்திகையில் மழை விழுந்து உப்பு விளையாமல் நீலத்துக்குத் தட்டுப்பாடு வரும்போது, கஸ்பாருக்குக் காது வழியாகக் கடல் கசியும். வேர்வை அல்ல, கடல். மெத்தை நனையும், தலையணையில் உப்புப் பூக்கும், ஒரு தடவை பனியன் பையில் உயிரோடு ஒரு கூனி இறால் துள்ளியது. நான் மெத்தையை மாடிக்குக் கொண்டுபோகாமல், ஜன்னலைச் சாத்திவிட்டு, ஃபேன் போட்டு, வீட்டுக்குள்ளேயே காயவைப்பேன். மற்ற வீட்டு வீரர்களுக்கு இப்படி ஆவதில்லை, என் வீட்டு மனுஷனுக்குத்தான் விசுவாசம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆங்கில மீடியம் படித்து என்ன பிரயோஜனம்.

ரேஷன் கடையில் நடந்தது மறுநாளே படைக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் தொபியாஸ் இரண்டு பேரோடு வந்தார். நாற்காலி போட்டேன். உட்கார்ந்தார், அதாவது மேலே போகாமல் இருக்க இரண்டு கையாலும் நாற்காலியின் அடியைப் பிடித்துக்கொண்டார்.

"டெல்ஃபின், ஓங் கை தேஞ்சு போச்சுன்னு கேள்விப்பட்டோம். இது வருத்தப்படுத காரியம் இல்லம்மா, பெருமப்படுத காரியம்."

"இத ரேஷன் கடையில வந்து சொல்லுங்க. அரிசி போடுதானான்னு பாப்போம்."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூட வந்தவன் ஒரு சிவப்புப் பட்டும், 'தேய்ந்த கரம்' என்று தங்க எழுத்தில் அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழும் நீட்டினான். அதில் என் பெயரை 'திருமதி கஸ்பார்' என்று போட்டிருந்தது.

"இனிமே ஓம் மவ கொடுக்கட்டும். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு, கடற்கரையில வச்சு, ஊரு பாக்க ஆரம்பிப்போம்."

என் மகள் ஜெசிந்தா உள்ளேயிருந்து ஈரத் தலையோடு வந்தாள். இருபத்திரண்டு வயசு, நர்சிங் முடித்துவிட்டாள், குவைத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நாக்கு என்னுடையது.

"பதினாலாந் தேதி பாஸ்போர்ட் ஆபீசுல பத்து வெரலும் வைக்கணும் பெரியப்பா. அதுல எத்தன வெரல் ஒங்களுக்கு வேணும்?"

"யாரோ அரபிக்காரனுக்கு மருந்து கொடுக்கப் போற கை, பெத்த தகப்பனுக்குக் கொடுக்கக் கூடாதோ?"

அந்த ஆளுக்கு எங்கே குத்த வேண்டும் என்று தெரியும்.

"எத்தன நாள்ல தேயும்?" என்று கேட்டேன். "எனக்குப் பதினேழு வருஷம் ஆச்சு. இப்ப ஏழு சிட்டிக. ஒங்க மருமவளுக்கு எத்தன நாள்ல போச்சு?"

தொபியாஸ் கூரையைப் பார்த்தார். "ஒரு வெரலுக்குப் பத்து நாளு," என்றார்.

நான் கஸ்பாரைப் பார்த்தேன். அவர் மூலையில், தரைக்கு ஒரு சாண் மேலே, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அன்றைக்குக் காலையிலிருந்து அவருக்கு நீலம் ஏறவில்லை, என் விரலில் அது ஒட்டாமல் உதிர்ந்துவிடுகிறது, கை லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது.

"கொஞ்ச நாளைக்குத்தான டெல்ஃபின்," என்றார் அவர். "நாங்க நிக்கலன்னா கடல் வந்துருமே."

"நல்லா நெனச்சுப் பேசும்மா," என்றார் தொபியாஸ் எழுந்துகொண்டே. "ஒரு வீட்டுல வரிச ஓட்டையாப் போச்சுன்னா ஊரே முங்கிரும். அந்தப் பாவம் ஒன் தலையிலதான் விழும்."

அவர்கள் மிதந்து போனார்கள். பட்டை எடுத்து அடுப்பு மேடை துடைக்கப் பார்த்தேன், தண்ணீர்கூட உறிஞ்சாத பட்டு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கஸ்பார் கட்டிலில் கிடந்து துடித்தார். இரண்டு காதிலிருந்தும் கடல் ஊற்றியது, முதலில் நூலாக, பிறகு குழாயாக. நான் வாளியை வைத்தேன், நிறைந்தது, ஊற்றிவிட்டு மறுபடி வைத்தேன். "ஜெசி, ஜெசிம்மா," என்று அவர் என்னைத் தாண்டி அவளைக் கூப்பிட்டார், அவள் மூன்று வயசாக இருந்தபோது கூப்பிட்ட குரலில். ஒரு மனுஷன் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவளுக்கு நர்சிங் காலேஜில் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் வாளியோடு பின்கட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அவள் கையைக் கழுவித் துடைத்திருந்தாள், நீல டப்பா திறந்திருந்தது, ஆள்காட்டி விரல் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

"எடுட்டி கைய!"

"பாக்க முடியலம்மா. ஒரு வெரல்தான? பாஸ்போர்ட்ட அடுத்த வருஷம் எடுத்துக்கிடுதேன்."

"எந்த வெரல வச்சு எடுப்ப?"

அப்போதுதான் கஸ்பார் இருமினார். அடி வயிற்றிலிருந்து வந்த இருமல், வாய் நிறையக் கடல், அதோடு ஏதோ ஒன்று தரையில் டங்கென்று விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. குனிந்து எடுத்தேன். பித்தளை. கேடயம் மாதிரி. பாசி பிடித்திருந்தது. சேலையில் துடைத்துத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்தில், எட்டாம் வகுப்பு கணக்குப் பீரியடில் காம்பஸ் முனையால் நான் கீறிய என் பெயர், பாதியில் சிஸ்டர் பிடித்துவிட்டதால் பாதிப் பெயர்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் கடல் எடுத்துக்கொண்டுபோன பேட்ஜ்.

எனக்கு முதலில் வந்தது ஆச்சரியம் அல்ல, கோபம். கடல் போகவில்லை. கடலை யாரும் துரத்தவில்லை. அன்றைக்கு வந்த கடலை இவர்கள் முப்பத்து மூன்று பேரும் வாய் திறந்து குடித்துவிட்டு, அது உள்ளே கிடந்து புரளாமல் இருக்க நீலம் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றுகொண்டு, அங்கே சும்மா கிடக்கும் கடலுக்கு நேராகக் கையைத் தூக்கிக்கொண்டு பதினேழு வருஷமாக நிற்கிறார்கள்.

டப்பாவை மூடினேன். "ஜெசிந்தா, அப்பாவக் குப்புறப் போட்டு முதுகத் தடவு. வரட்டும். எவ்வளவு இருக்கோ அவ்வளவும் வரட்டும்."

பேட்ஜை எடுத்துக்கொண்டு ஸ்கொலா அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பேட்ஜை அரிவாள்மனைப் பக்கத்தில் வைத்தேன். அக்கா அதைத் திருப்பி என் பாதிப் பெயரைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஒரு பவுடர் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே அவள் தோடு ஒன்று, திருகாணியோடு, பச்சை பிடித்துப்போய்.

"மூணு வருஷமாச்சுட்டி, அவரு தலகாணியில கெடந்துச்சு."

"ஏங்க்கா ஒரு வார்த்த சொல்லல?"

"எப்படிட்டி சொல்லுவேன்? எங்க வீட்டு மனுஷனுக்குத்தான் விசுவாசம் பத்தலன்னு நெனச்சேன். ஓம் புருஷன் அங்க என்னமா நிக்காரு, இவரு பொட்டயாட்டம் ஒழுகுதாரேன்னு."

"அங்கயும் ஒழுகத்தான்க்கா செய்யுது!"

நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு முழுக்க வீடு வீடாகப் போனோம். பேட்ஜையும் தோட்டையும் காட்டினோம், அவ்வளவுதான், கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொருத்தியும் உள்ளே போய் எடுத்து வந்தாள். ஒருத்தி ஒற்றைச் செருப்பு, ஒருத்தி பால் புட்டி மூடி, ஒருத்தி மாமியாரின் பல் செட்டு, ஒருத்தி ஜெபமாலை, அரிசிப் பானையிலிருந்து, பரணிலிருந்து, பெட்டியின் அடியிலிருந்து, முப்பத்து மூன்று வீட்டிலும் முப்பத்து மூன்று பெண்கள், தன் புருஷன் ஒருத்தன்தான் ஓட்டை என்று நினைத்து, தன் வீட்டு மெத்தை ஒன்றுதான் நாறுகிறது என்று நினைத்து, ஜன்னலைச் சாத்திக் காயவைத்துக் காயவைத்துப் பதினேழு வருஷத்தைக் கழித்திருக்கிறோம். ஒரே ஒரு நாள் ஒரே ஒருத்தி மெத்தையை மாடியில் விரித்திருந்தால் போதும். கடைசியாகத் தொபியாஸ் வீட்டு மருமகள் மேரிகொரற்றி வந்தாள், கல்யாணமாகி மூன்று மாசம், வழுவழுவென்று ஒன்பது விரல், பத்தாவதில்தான் மாமனாருக்கு நீலம் ஓடிக்கொண்டிருந்தது, கையில் ஒரு பழைய தாலிச் சங்கிலி. மாமியார் வியாகுலத்தின் சங்கிலி, அன்றைக்குக் கடல் கொண்டுபோனது. மாமனார் அதை வாந்தியெடுத்துவிட்டு, பேசாமல் குப்பையில் போடச் சொன்னாராம்.

அதற்குப் பிறகு யாரும் கூட்டம் போடவில்லை, தீர்மானம் எழுதவில்லை. நீல டப்பாக்களை மூடினோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் முழுக்கக் கடற்கரையில் நின்றது. படை ஆடிக்கொண்டு நின்றது, இரண்டு நாளாக நீலம் இல்லை, சாண் உயரம் விரல் உயரமாகக் குறைந்திருந்தது, எல்லார் காதிலும் பஞ்சு. கஸ்பார் வரவில்லை, கட்டிலில் கிடந்தார். தொபியாஸ் மட்டும் விறைப்பாக நின்றார்.

"ஜெசிந்தா, வாம்மா. கைய நீட்டு."

நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். "நீட்ட மாட்டா."

"கடல் வந்துரும் டெல்ஃபின்!"

"எந்தக் கடலு? அங்க கெடக்கதா, ஒங்க வயித்துல கெடக்கதா?"

ஸ்கொலா அக்கா இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்தவள் வைத்துக்கொண்டாள். அப்படியே வரிசையாக, முப்பத்து மூன்று வீட்டுப் பெண்களும் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றோம், இதுதான் எங்கள் படை. தொபியாஸ் மருமகளைத் தேடினார். அவள் அதே மாதிரி நின்றாள், கழுத்தில் வியாகுலத்தின் சங்கிலி.

அதைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறியது. "நன்றி கெட்டதுகளா," என்றார். "நான் ஒருத்தன் போதும். நான் தடுத்துக் காட்டுதேன்."

கச்சையை இறுக்கிக்கொண்டு கடலின்மேல் நடந்தார். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. சின்ன வயசில் அவர் தோளில் ஏறிக் கொடி பார்த்தவர்கள் எல்லாம் அங்கே நின்றார்கள், யாருக்கும் அவர் சாக வேண்டும் என்று இல்லை, எனக்கும்கூட இல்லை. வரிசை நிற்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார், எங்கள் பக்கம் திரும்பினார், கையைத் தூக்கினார். அப்போது அவர் உடம்பில் மிச்சமிருந்த நீலம் தீர்ந்தது. ஐயோ என்று ஒரு சத்தம். ஆள் இறங்கினார்.

முழங்கால் வரைக்கும் இறங்கி, நின்றுவிட்டார்.

பதினேழு வருஷம் காவல் காத்த அந்த இடத்தில் தண்ணீர் முழங்காலளவு. மேலேயே மிதந்து நின்றவர்களுக்கு அடி தெரியவில்லை. வேறு யாரும் போய்ப் பார்க்கச் சட்டம் விடவில்லை. தொபியாஸ் கையைத் தூக்கியபடியே குனிந்து தன் காலைப் பார்த்தார், ஒரு சின்ன அலை வந்து அவர் முட்டியை நனைத்துவிட்டுப் போனது.

"வத்தம்," என்று அங்கிருந்தே கத்தினார். "இன்னைக்கு வத்தம்! அதான் தண்ணி கொறவா இருக்கு!"

"பதினேழு வருஷமாவா வத்தம், தலைவரே?" என்றாள் ஸ்கொலா அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. அவர் காதிலிருந்தும் வாயிலிருந்தும் கடல் ஊற்ற ஆரம்பித்தது, வெளியே கிடந்த கடலோடு அது கலந்தபோது எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஒன்பது நாள் ஊற்றியது. முப்பத்து மூன்று வீட்டிலிருந்தும் வாசல் வழியாக, சாக்கடை வழியாகத் தெருவுக்கு வந்து, கணுக்கால் அளவு நின்றது. தொபியாஸ் சொன்னது பலித்துவிட்டது என்று இரண்டு கிழவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள், நான் அவர்கள் கையில் ஆளுக்கொரு விளக்குமாறு கொடுத்தேன். பெருக்கித் தள்ளினோம், வாளியால் இறைத்தோம், உப்பளத்து மோட்டாரை இழுத்து வந்து நாலு முக்கிலும் போட்டோம். செருப்புகள் வந்தன, குடங்கள் வந்தன, யாருடையது என்று சொல்ல முடியாத ஒரு குழந்தைச் சட்டை வந்தது, அதைக் கல்லறையில் வைத்தோம். ஜெசிந்தா வீடு வீடாகப் போய் எல்லாருக்கும் கஞ்சித் தண்ணீரும் சர்க்கரையும் கலந்து கொடுத்தாள், கரண்டியால். யாரும் சாகவில்லை. என்னைத் திட்டாத ஆண்பிள்ளையும் இல்லை.

பத்தாம் நாள் காலையில் கஸ்பார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார், கட்டிலின் கால் ஒன்று மடாரென்று ஒடிந்தது. பதினேழு வருஷமாகக் கனம் தாங்காத கட்டில். விழுந்து, எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து அடுப்பங்கரைக்கு வந்தார். தரையில் காலடிச் சத்தம் கேட்டது. கஞ்சி வைத்தேன். ஒரு வாய் குடித்தார்.

"உப்பு இல்லையே," என்றார். வாயைத் திறந்துகொண்டு என் கையைப் பார்த்தார், பழக்கம்.

உப்பு ஜாடியை அவர் முன்னால் தள்ளினேன். "ஒங்க கைக்கு என்ன?"

அவருக்கு அளவு தெரியவில்லை. அள்ளிப் போட்டார். கரித்திருக்கும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

பதினாலாம் தேதி ஜெசிந்தா பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து போன் பண்ணினாள், பத்து விரலும் ஒரே தடவையில் எடுத்துக்கொண்டதாம். எனக்கு ரேகை திரும்பி வரவில்லை, இனி வராது என்றும் அவளே சொல்லிவிட்டாள். ஸ்கொலா அக்காவுக்கும் வரவில்லை. மேரிகொரற்றிக்கு இருபத்து மூன்று வயசு, அவளுக்கும் வரவில்லை.

அன்றைக்கே கஸ்பாரைச் சட்டை போடச் சொல்லி ரேஷன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெயிலில், வரிசையில், எனக்கு முன்னால் நிறுத்தினேன். தெருவில் போன வள்ளக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், கால் மாற்றி மாற்றி, கனம் இருக்கிற மனுஷர்கள் எல்லாரும் நிற்கிறதுபோல. எங்கள் முறை வந்தது. கட்டைவிரலை வைத்தார்.

வைத்ததும் பச்சை. இசக்கிமுத்து அந்தக் கையை இழுத்துப் பார்த்தான்.

"என்னண்ணாச்சி இது, நேத்துப் பொறந்த பிள்ள வெரல் மாதிரி இருக்கு! ஒரு கோடுகூட அழியல."

"எப்படிப்பா அழியும்," என்றேன். இருபது கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தேன்.